வளைவில்லாத பாலங்கள்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் இல்லாத சுற்றுலா விளம்பரம் இலங்கையில் அரிது. 1921இல் முடிக்கப்பட்ட பாலம் அது. கல், செங்கல், சீமெந்து மட்டும்தான், உருக்கு கிடையாது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பள்ளத்தாக்குகளைக் கடக்கும் பழைய புகையிரதப் பாலங்கள் பலவும் இதே வகைதான். அதைப் பார்த்துவிட்டு மட்டக்களப்புக்கு வரும் நண்பர்கள், “உங்கட பக்கம் அப்படி ஒண்டும் இல்லையே” என்று என்னிடம் கேட்பதுண்டு. இருக்கிறது, வடிவம்தான் வேறு.

கல் வளைவு தன்மேல் ஏறும் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது. இரு பக்கமும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க உறுதியான நிலம் வேண்டும். எங்கள் வாவிக்கரையில் இருப்பதோ மணலும் சேறும். நிலமும் தட்டை, உயரமான வளைவுக்கு இடமில்லை. அதனால்தான் இங்கே தூண்களை ஆழ இறக்கி, மேலே உருக்குச் சட்டகங்களை வைத்தார்கள். நாலு கம்பைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையில் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். முக்கோணம் சரியாது. அந்த முக்கோணங்களைக் கோத்ததுதான் சட்டகம். அது பாரத்தைத் தூணின்மேல் நேரே இறக்கிவிடும்.

மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது 1928இல். மாகோவிலிருந்து கல்லோயா, பொலன்னறுவை வழியாக வரும் அந்தப் பாதை, மன்னம்பிட்டியில் மகாவலியையும் ஓட்டமாவடியில் வாழைச்சேனை வாவியையும் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் தண்டவாளத்துக்கும் தெருவுக்கும் ஒரே பாலம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1849இல் திறக்கப்பட்ட ஹை லெவல் பாலமும் இரண்டையும் சுமக்கிறது. ஆனால் அங்கே ரயில் மேல்தட்டில், தெரு கீழ்த்தட்டில். எங்களுக்கு ஒரே தட்டுத்தான். கோச்சி வந்தால் பஸ்ஸும் லொறியும் மாட்டுவண்டியும் கரையில் காத்து நிற்கும். குடியேற்ற நாட்டுச் சிக்கனம் என்றே இதைச் சொல்வேன். அந்தச் சிக்கனத்தின் விலையைப் பல தலைமுறைகள் காத்துக் கிடந்து கட்டின. போர்க்காலத்தில் பாலம் என்றாலே காவலரண். கோச்சியும் நின்றுபோய், 2003இல்தான் மட்டக்களப்புக்குத் திரும்பியது.

மன்னம்பிட்டியில் 2007இல் ஜப்பானிய உதவியுடன் தெருவுக்குத் தனிப்பாலம் வந்தது. ஓட்டமாவடியிலும் தெரு இப்போது புதுப்பாலத்துக்கு மாறிவிட்டது. பழைய பாலங்கள் கோச்சிக்கு மட்டும் என்றாகின.

கோச்சி ஏறாத கல்லடிப் பாலமும் இந்தக் குடும்பம்தான். ஆளுநர் மெனிங்கின் மனைவி பெயரில் 1924இல் எழுந்த அந்த ஒருவழி உருக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதியது திறக்கப்பட்டது. பாடுமீன் கதைக்காகவும் காற்று வாங்கவும் ஆட்கள் போவதால் பழையதை யாரும் மறக்கவில்லை. ஓட்டமாவடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உருக்குக்கு எதிரி உப்புக்காற்று. ஸ்கொட்லாந்தில் 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்துக்கு முடிவில்லாமல் வர்ணம் பூசுவார்கள் என்று பகிடியாகச் சொல்வதுண்டு. 2011இல் முடிந்த பெரிய திருத்தத்தில் அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும் பூச்சு பூசப்பட்டது. 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. பராமரிப்பு முதலில், பட்டம் பிறகு.

நான் கேட்பது பட்டம் அல்ல. ஓட்டமாவடிப் பழைய பாலத்தின் இரு கரையிலும் ஒரு பலகை வேண்டும். கட்டிய ஆண்டு, கடைசியாக வர்ணம் பூசிய திகதி, கடைசியாகப் பரிசோதித்த திகதி. தினமும் அதன்மேல் கோச்சியில் போகும் சனத்துக்குத் தெரியவேண்டியவை இந்த மூன்றும்.