எது முன், எது பின்?

சென்ற பருவத்தில் தேர்வுக் கட்டணத்தை இணையவழிச் செலுத்தினேன். பணம் போயிற்று, ரசீது வரவில்லை. அது என் தந்தையாரின் இரண்டு நாட் கூலி. பத்து நாட்கள் அலைந்த பின்னரே தீர்ந்தது. பிழை எங்கே என்று கண்டறிய இத்தனை நாட்களா? அந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

ஒரு கட்டணம் பல கணிப்பொறிகளைக் கடந்து செல்கிறது. ஒவ்வொன்றும் தான் செய்ததைத் தன் பதிவேட்டில் குறிக்கிறது. அப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்ட, 1980களில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் எரிக் ஆல்மன் என்பார் 'சிஸ்லாக்' முறையை அமைத்தார். 2001இல் எழுதி வைக்கப்பட்ட அதன் பழைய வடிவில் மாதம், நாள், மணி உண்டு. ஆண்டு இல்லை, எந்த நாட்டு நேரம் என்பதும் இல்லை! (எங்கள் ஊர் மளிகைக்கடைப் பற்று நோட்டில்கூட ஆண்டு இருக்கும்.) ஒரு பொறி இந்திய நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதினால், ஒரே நொடியில் நிகழ்ந்தவை 5 மணி 30 நிமிடம் விலகி நிற்கும். 2009இல் வந்த புதிய விதியே இவ்விரண்டுக்கும் இடம் தந்தது.

நேரம் சரியானாலும் போதாது. ஆயிரம் பேர் ஒரே நிமிடத்தில் கட்டும்போது என் வரி எது? ஒவ்வொரு கட்டணத்திற்கும் ஓர் எண்ணிட்டு, எல்லாப் பொறிகளும் அவ்வெண்ணையே குறித்தாக வேண்டும். கடைசியாக நான் சந்தித்த அலுவலர் என் பெயரைக் கேட்கவில்லை. அந்த எண்ணைத்தான் கேட்டார்.