கடல் நலம் தரும். கடலோர ஊர் ஏன் நோயுறுகிறது?

இங்கிலாந்தில் ஆண்களின் சராசரி ஆயுள் மிகக் குறைவாக உள்ள உள்ளாட்சிப் பகுதி என்று பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றிருப்பது பிளாக்பூல். உடம்பு தேறுவதற்கென்று மக்கள் தேடிப்போன கடற்கரை நகரம் அது. லங்காஷயர் பஞ்சாலைகளுக்குக் கோடையில் ஒரு வாரம் விடுமுறை விட்டால் ஊரே கிளம்பி அங்கே போய் இறங்கும். மார்கேட்டில் கடல்நீர்க் குளியலுக்கென்றே 1791இல் ஒரு மருத்துவமனையை நிறுவிய நாடு இது. கழுத்தில் காசநோய்க் கட்டிகளோடு வந்த ஏழை லண்டன்வாசிகளுக்கு உப்புநீரும் கடற்காற்றும்தான் அங்கே சிகிச்சை. அப்படியிருக்க, கடலால் நலம் கூடும் என்ற பழைய நம்பிக்கையை பிளாக்பூல் பொய்யாக்கிவிட்டதா? இல்லை. கடல் தரும் நன்மை மெய்யானதுதான். ஆனால் அது சிறியது. மற்றவை கைவிட்ட ஊரைத் தூக்கி நிறுத்தும் வலு அதற்கில்லை.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 4.8 கோடிப் பேர் தங்கள் உடல்நிலை பற்றிச் சொன்ன பதில்களை எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2012இல் வெளியிட்டார்கள். வயது, வறுமை போன்றவற்றின் பாதிப்பை நீக்கிப் பார்த்தபோது, கரையை நெருங்க நெருங்க நலமாக இருப்பதாகச் சொன்னவர்களின் விகிதம் சற்றே உயர்ந்தது. ஏழைப் பகுதிகளில் இந்த உயர்வு இன்னும் அதிகம். ஆரோக்கியமும் வசதியும் உள்ளவர்கள்தானே கடலோரம் வீடு பார்த்துக் குடிபோகிறார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்கு 2013இல் வந்த இன்னோர் ஆய்வு ஓரளவு பதில் சொல்கிறது. ஒரே ஆட்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த அதில், கரைக்கு அருகே வசித்த காலங்களில் அவர்களே தங்கள் உடலும் மனமும் மேலாக இருந்ததாகச் சொன்னார்கள். இதில் மாயம் ஏதும் இல்லை. கடற்கரை இருந்தால் மனிதர்கள் கூடுதலாக நடக்கிறார்கள், மன இறுக்கம் தளர்கிறது, அதற்குக் கட்டணமும் கிடையாது.

பிறகு ஊர் ஏன் நோயுறுகிறது? ஸ்பெயினுக்கு மலிவான விமானச் சுற்றுலா வந்ததும் உள்நாட்டுக் கடற்கரைகள் ஆளற்றுப் போயின. விடுதிகள் ஒற்றை அறைகளாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. குறைந்த வாடகையைத் தேடி வேலையிழந்தவர்களும் நோயாளிகளும் வந்து சேர்ந்தார்கள். மேலே சொன்ன ஆட்சேபம் இங்கே தலைகீழாகப் பொருந்துகிறது: நலிந்தவர்கள் கரைக்கு வருகிறார்கள். வேலையோ கோடையோடு சரி. தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் கடலோரச் சமூகங்களைப் பற்றி அளித்த அறிக்கையில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. முன்சொன்ன ஆய்வுகள் மக்களே சொன்ன உடல்நிலையைப் பார்த்தன; இந்த அறிக்கையோ வயதையும் வறுமையையும் கழித்த பிறகும் கடலோரங்களில் நோய்ச்சுமை மிஞ்சுவதாகச் சொல்கிறது. நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மூத்த சிறப்பு மருத்துவர்கள் அங்கே 15 சதவீதம் குறைவு. மருத்துவமனைக்கு ஆள் தேடி அதைச் சுற்றி வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலில் விழுகிறது. இளம் மருத்துவருக்கு வேலை கிடைத்தாலும் அவருடைய துணைக்குக் கிடைப்பது அரிது.

வறுமையும் மருத்துவர் பற்றாக்குறையும்தான் காரணமென்றால் கடலைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஏழைகளுக்கே அதிகப் பயன் தரும் இந்த இலவச வசதியும் இப்போது கைநழுவுகிறது என்பதால்தான். 2023இல் மட்டும் இங்கிலாந்தில் மழையால் சாக்கடைகள் நிரம்பும்போது திறக்கும் வழிந்தோடிகள் வழியாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் மொத்தம் சுமார் 36 லட்சம் மணி நேரம் ஆறுகளிலும் கடலிலும் கலந்தது. அந்த நீரில் நீந்துபவருக்கு வயிற்றுப்போக்கும் காதுத் தொற்றும் வரலாம். எனவே கடலைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவை சுகாதாரக் கணக்கில்தான் எழுத வேண்டும். அதற்காகக் கடற்கரை நடைபாதைக்குப் புதுப் பூச்சு பூசிவிட்டு மருத்துவர் நியமனத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்சியாளர்களுக்குப் பூச்சுதான் பிடித்தமான வேலை! இதில் இன்னொரு சிக்கலையும் விட்டி சுட்டிக்காட்டுகிறார். புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் பெரிய நிர்வாகப் பகுதிகளின் சராசரியாகவே திரட்டப்படுகின்றன. கரையோரத்து ஏழைத் தெருக்களும் சில மைல் உள்ளே இருக்கும் வசதியான கிராமங்களும் ஒரே எண்ணில் கலந்துவிடும்போது, எந்தத் தெருவுக்கு மருத்துவர் தேவை என்பது கோப்பில் தெரிவதே இல்லை.