71 நாள் தார்ப்பாய்க்கு அடியில்

என் காரைத் திருடியவர்கள் அதை மூன்று நாள்தான் வைத்திருந்தார்கள். கிடைத்த பிறகு காவல் நிலைய வளாகத்தில் அது 71 நாள் நின்றது. சேதத்தில் ஏறக்குறைய பாதி அந்த 71 நாளில் வந்தது. வண்டி திருட்டுப் போனவர்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். வண்டி கிடைத்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சான் ஸ்டார்ம் என்ற பெயரை நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1990களின் கடைசியில் கோவாவில் செய்ய ஆரம்பித்த இரண்டு இருக்கைக் கார். உடம்பு தகடு அல்ல, ஃபைபர் கிளாஸ். ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், தலைக்கு மேல் மடக்கி விரிக்கிற துணிக்கூரை. 60 குதிரைசக்தி சொச்சம் உள்ளதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள், விடிகாலையில் அதில் ஏறிச் சிறுவாணி சாலையில் ஒருமுறை போய் வர வேண்டும். கையை நீட்டினால் தரை தட்டுப்படும் உயரத்தில் உட்கார்ந்து போகும்போது 60 கிலோமீட்டர் வேகமே வேறாகத் தெரியும். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நான் 2011-இல் பழைய வண்டியாக இதை வாங்கினேன். கிடைக்காத சாமான் பலவற்றை என் லேத்திலேயே கடைந்து போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இரவு பட்டறை ஷெட்டின் பூட்டை அறுத்து, துணிக்கூரையைக் கிழித்து, ஸ்டியரிங் பூட்டை முறித்து, ஒயரைச் சேர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். காலையில் ஷெட் தரையில் ஆயில் சொட்டிய கறை மட்டும் இருந்தது.

புகார் கொடுக்கப் போனால் முதலில் கையில் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. பலர் அதோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸுக்கு அது போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும், அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணம் காட்டித் திருட்டு இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம்பித் தாமதிக்க வேண்டாம். மறுத்தால் நாம்தான் வழக்குக்கு அலைய வேண்டும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பாலக்காடு சாலையில் நவக்கரைக்கு அப்பால் ஒரு சிறுபாலத்தின் சுவரில் மோதிக் கிடந்தது வண்டி. விற்பதற்காகத் திருடவில்லை, ஓட்டிப் பார்க்கத் திருடியிருக்கிறார்கள். இரண்டு பையன்கள், ஒருவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. வேறு யாருக்கும் அடிபடவில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தகடு அடிபட்டால் நசுங்கும். ஃபைபர் உடைந்து சிதறும். இடது ஃபெண்டர் ஏழெட்டுத் துண்டாகிவிட்டது. ரேடியேட்டர் பின்னால் தள்ளி ஃபேனில் இடித்திருந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி, செய்துவிடலாம்" என்று அங்கேயே நின்று சொன்னேன். நம்பியும் சொன்னேன்.

வண்டி வழக்குச் சொத்தாகிவிட்டது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து சோதித்துப் போனார். அதன்பின் வேப்பமரத்தடியில், துருப்பிடித்த மினி லாரிக்கும் சக்கரமில்லாத ஆட்டோவுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். குற்றப்பத்திரிகை போட்டதும் கிடைத்துவிடும் என்றார்கள். நானும் ஐந்து வாரம் காத்திருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

கூரை கிழிந்த வண்டிக்குள் மழை இறங்கினால் தண்ணீர் போக வழியில்லை. சீட்டுக்கு அடியில் தேங்கி, ஒயரிங் இணைப்புகளில் பச்சை பூக்கும். எலி ஒயரைக் கடித்தது. நான்காம் வாரம் பேட்டரியைக் காணோம். ஒரு தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டையா, மேல இதப் போட்டுக் கட்டிக்கறனுங்க."

"கட்டிக்கங்க. உள்ள கை வைக்கக் கூடாது, கேஸ் வண்டி."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஏட்டு வேலையோடு வண்டிகளுக்கும் காவல் இருக்க அவரால் முடியாது. கோபமெல்லாம், கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேட்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்பதில்தான்.

நிலையத்தில் வண்டிகளை நீண்ட காலம் போட்டு வைப்பதில் பயனில்லை, உரிய பிணையும் பத்திரமும் வாங்கிக்கொண்டு உடனே ஒப்படைக்க நடுவர் உத்தரவிட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. குஜராத்தில் வழக்குச் சொத்துகளைக் காவலர்களே மாற்றி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, அதிலிருந்து வந்த தீர்ப்பு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவு இன்னும் தெளிவாகவே பேசுகிறது. சொத்து முன்னால் வந்த 14 நாளில் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், போட்டோவும், தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்கச் செய்ய வேண்டும். அதற்குப் பின் 30 நாளில் சொத்தை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். பின்னால் விசாரணையில் அந்தப் படங்களே சாட்சியம். வண்டி மழையில் நின்று சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

காத்திருந்த நாட்களில் ஒரு அமெரிக்க வழக்கைப் படித்தேன். மொத்தம் 349 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி எஃப்50-களில் ஒன்று 2003-இல் பென்சில்வேனியாவில் திருட்டுப் போனது. 2008-இல் கென்டக்கியில் கிடைத்தது. எஃப்.பி.ஐ. அதைச் சாட்சியப் பொருளாக வைத்திருந்தது. 2009-இல் ஓர் ஏஜெண்ட், அரசு வழக்கறிஞர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போய் மரத்தில் மோதி நொறுக்கிவிட்டார். திருட்டுக்கு இழப்பீடு கொடுத்து வண்டிக்கு உரிமையாளராகியிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி வழக்குப் போட்டது. சட்டக் காவலில் இருக்கும் பொருளுக்கு வரும் சேதத்துக்கு அரசு மீது வழக்காட முடியாது என்று 2011-இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். திருடனிடமிருந்து தப்பி வந்த வண்டிக்குக் காவலில் கேடு வந்தால் கேட்க நாதியில்லை. படித்த அன்றே வக்கீலைப் பார்க்கப் போனேன்.

ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார், ஒரு பிணையாள். மனு போட இவ்வளவுதான். வழக்கமாக நீதிமன்றம் வைக்கும் நிபந்தனைகள் உண்டு: விற்கக் கூடாது, நிறமோ அமைப்போ மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும். நொறுங்கிய வண்டியை "அமைப்பு மாற்றாமல்" எப்படிச் சரிசெய்வது? படங்கள் எடுத்த பிறகு பழுது பார்க்க அனுமதி வேண்டும் என்று மனுவிலேயே வக்கீல் சேர்த்துக் கேட்டுவிட்டார். இந்த ஒரு வரியை மறந்தால் இன்னொரு முறை படியேற வேண்டியிருக்கும்.

ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரம் ஆனபோது வண்டி வீட்டுக்கு வந்தது.

இன்சூரன்ஸில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ஐ.டி.வி. வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகை அது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும் உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அதை நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க அதைக் குறைத்துப் போடாதீர்கள். எனக்கு 2,50,000 ரூபாய் இருந்தது. மீட்கும் செலவும் பழுதுச் செலவும் சேர்ந்து ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு. சர்வேயர் போட்டது 2,10,000, எல்லையோ 1,87,500. முழு இழப்பு.

"ஆர்.சி.யோட நீங்களே வெச்சுக்கறீங்களா, இல்ல ஒப்படைச்சிடறீங்களா?" என்று சர்வேயர் கேட்டார். வைத்துக்கொள்கிறேன் என்றேன். காயலான் மதிப்பாக 40,000-த்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். முதல் வாரமே வந்து அவர் எழுதிய பட்டியலில் பேட்டரி இருந்தது, எலி கடிக்காத ஒயரிங் இருந்தது. பின்னால் போனது எதையும் அதில் ஏற்ற முடியவில்லை.

அதன்பின் என் வேலை. திருட்டு வண்டியைத் திரும்பப் பெற்றவுடன் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். தண்ணீர் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினார்களோ, ஆயில் இருக்கிறதோ, சிலிண்டருக்குள் ஈரம் இறங்கியதோ தெரியாது. பிளக்குகளைக் கழற்றி, ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. ஹெட்டைக் கழற்றி நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்தால், நடுவில் வளைந்திருந்தது. இழைத்துச் சரிசெய்தேன்.

சேஸிஸ் வளைவு கண்ணுக்குத் தெரியாது. நான்கு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, குறுக்காக அளந்தால் தெரியும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு 11 மில்லிமீட்டர் வித்தியாசம். ஜாக்கி வைத்து இழுத்து நேராக்க நான்கு நாள் ஆனது.

ஃபெண்டருக்குத்தான் திண்டாட்டம். வலதுபுறத்திலிருந்து அச்சு எடுத்தால் இடதுபுறத்துக்கு ஆகாது. "இன்னொரு வண்டி வேணும்ங்ண்ணா, அப்பத்தான் சுத்தமா வரும்" என்றார் ஃபைபர் வேலைக்காரர். கோயில் விழாக்களுக்கு உருவங்கள் வார்ப்பவர். பெங்களூரில் இதே கார் வைத்திருக்கும் ஒருவர், முன்பின் தெரியாத எங்களை வீட்டுக்குள் விட்டு, தன் காரின் ஃபெண்டரில் மெழுகு தடவி அச்சு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மதியச் சாப்பாடும் போட்டார்.

புது ஃபெண்டர் பழைய மஞ்சள் நிறத்திலேயே மாட்டியாகிவிட்டது. நிறம் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. உடைந்த துண்டுகளை எறியவில்லை. கோணியில் கட்டி, வழக்கு எண்ணை அட்டையில் எழுதிக் கோத்து, பட்டறைப் பரணில் வைத்திருக்கிறேன். வாய்தா இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, எந்த நாளும் கேட்கலாம்.