பழைய கடதாசியும் ஒரு பிடி வெந்தயமும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. அந்த நாட்களில் பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கத் திண்டாடியதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் எழுதி முடித்த கொப்பியும் பழைய செய்தித்தாளும் எமது லயங்களில் பெரும்பாலும் அடுப்பு மூட்டத்தான் போகின்றன.

எமது முன்னோர் விட்டு வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில், அதே பழைய கடதாசியை வெந்தயத்துடன் இடித்துப் பெண்கள் கூடை செய்வார்கள். தானியமும் காய்ந்த மிளகாயும் அதில் இருக்கும். இடம்பெயர்ந்து வந்து, சட்டி பானை முதல் எல்லாவற்றையும் புதிதாகத் தேடும் குடும்பத்துக்கு இது காசில்லாமல் கிடைக்கும் பாத்திரம்.

ஊறவைக்க முன் ஒரு வேலை இருக்கிறது. அவசரத்தில் அள்ளிக் கட்டி வந்த கடதாசிக் கட்டுக்குள் பிறப்புச் சான்றிதழும் இருக்கும், காணிப் பத்திரமும் இருக்கும், தாத்தாவின் சேமலாப நிதித் துண்டும் இருக்கும். 1948இல் பிரசாவுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை பத்திரத்துக்காக அலைந்த சமூகம் நாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை இருத்தி ஒவ்வொரு தாளாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய தாள் என்று எதையும் தள்ளிவிட வேண்டாம்.

மிஞ்சிய கடதாசியைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். பளபளப்பான கலண்டர் தாள் நன்றாக ஊறாது, அதை விட்டுவிடலாம். வெந்தயத்தைத் தனியாக ஓர் இரவு ஊறவைத்து அரைத்தால் வழவழப்பாக வரும். அந்தப் பசைதான் கூழைப் பிடித்துவைக்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பதும் பெரியவர்களின் அனுபவம். கடதாசியைப் பிழிந்து, வெந்தயத்துடன் உரலில் நார் தெரியாமல் இடியுங்கள். ஒரு சட்டியைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, கூழை விரல் கனத்துக்கு அப்பித் தட்டுங்கள்.

சிரமம் இனித்தான். தமிழ்நாட்டு வெயிலில் சில நாளில் காய்வது அட்டன், நுவரெலியா குளிரில் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே தென்மேல் பருவமழைக் காலத்தில் தொடங்கவேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயிலே வசதி. பகலில் இஸ்தோப்பிலும் இரவில் அடுப்புக்கு மேலுள்ள பரணிலும் வையுங்கள். பாதி காய்ந்ததும் சட்டியிலிருந்து கழற்றி உட்புறத்தையும் காயவிடுங்கள். கழற்றப் பொறுமையில்லாமல் இழுத்தால் விளிம்பு கிழியும். முதல் கூடையில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

நன்றாகக் காய்ந்தபின் உள்ளும் புறமும் வெள்ளைத் தாள் ஒட்டலாம். கோதுமை மாவைக் காய்ச்சிய பசையே போதும். உரம், களைநாசினி வந்த பைகளை மட்டும் வீட்டுக்குள்ளேயே எடுக்கவேண்டாம்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, தையல் சாமான், பிள்ளைகளின் உடுப்பு ஆகியவற்றுக்கு இந்தக் கூடை ஏற்றது. சமைத்த உணவு வைக்கக்கூடாது. அச்சு மை உணவில் சேரும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2016இல் எச்சரித்திருக்கிறது. வடையைச் செய்தித்தாளில் சுற்றும் எமது கடைக்காரருக்கும் இதைச் சொல்லலாம். தண்ணீர் பட்டால் கூடை இளகிவிடும். இளகினாலும் வெடித்தாலும் எறியவேண்டாம். திரும்ப ஊறவைத்து இடித்தால் இன்னொரு கூடைக்குக் கூழ் தயார்.