கணினிக்குள் ஒளிந்திருக்கும் திருடன்: கடவுச்சொல் களவு போவது எப்படி?



கோச்சடையிலும் சுற்றுப்பகுதிகளிலும் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கணினிதான். பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு அதில்தான் விண்ணப்பிக்கிறார்கள். அத்தா கடைக் கணக்கையும் ஜிஎஸ்டி கணக்கையும் அதில்தான் பார்க்கிறார். உம்ராவுக்குப் போய் வந்தவர்களின் பாஸ்போர்ட் நகல் அதில் கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதும் அதில்தான். இரவில் அதே கணினியில் தம்பி புது விளையாட்டு ஒன்றை இறக்குகிறான்.

இப்படிப்பட்ட கணினிகளைக் குறிவைத்து ஒரு வகைத் தீநிரல் உலகெங்கும் பரவி வருகிறது. கணினித் துறையினர் இதை 'இன்ஃபோ ஸ்டீலர்' என்பார்கள். நாம் 'தகவல் திருடி' என்று சொல்லலாம். அந்தக் காலத்து வைரஸ் வந்தால் கணினி தடுமாறும், திரை உறையும், கோப்புகள் அழியும். வந்திருப்பது நமக்குத் தெரிந்துவிடும். தகவல் திருடி சத்தமே காட்டாது. கணினி வழக்கம்போல் ஓடும். விஷயம் தெரியவரும்போது இன்ஸ்டாகிராம் கணக்கோ மின்னஞ்சலோ கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே இது எப்படி வருகிறது, வந்து என்ன செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

கூடங்குளம் தரும் பாடம்

பெரிய இடங்களுக்குத்தான் இந்த ஆபத்து என்றோ, பெரிய இடங்களுக்கு இந்த ஆபத்தே இல்லை என்றோ நினைக்க வேண்டாம். நமக்குத் தெற்கே நெல்லை மாவட்டத்தில் இருக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் 2019 அக்டோபர் கடைசியில் 'டிட்ராக்' என்ற உளவு நிரலோடு சேர்த்துப் பேசப்பட்டது. அப்படித் தாக்குதல் எதுவும் நடக்க வாய்ப்பில்லை என்று முதலில் நிலையத்தின் தரப்பில் சொல்லப்பட்டது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. 'செர்ட்-இன்' எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு செப்டம்பர் 4 அன்றே அதைக் கவனித்துத் தகவல் கொடுத்திருந்தது.

டிட்ராக் என்ன செய்யும்? காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. இந்திய ஏடிஎம் இயந்திரங்களைக் குறிவைத்த ஒரு நிரலை ஆராயப்போய்த்தான் அவர்கள் டிட்ராக்கைக் கண்டுபிடித்தார்கள். தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்வது, எந்தெந்த இணையதளங்களுக்குப் போனோம் என்ற வரலாற்றை எடுப்பது, கணினியில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடுவது, அந்தக் கணினி எந்த வலைப்பின்னல்களோடு இணைந்திருக்கிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலைகள்.

அணு உலையின் இயக்கத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றது அணுமின் கழகம். தீநிரல் புகுந்தது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினியில்; உலையை இயக்கும் வலைப்பின்னல் அதிலிருந்து தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தது. முக்கியமானதைத் தனியே வைத்தால், ஓரிடத்தில் திருடன் புகுந்தாலும் மற்ற இடம் தப்பும். இந்தப் பாடம் நம் வீட்டுக்கும் பொருந்தும்.

எப்படி உள்ளே வருகிறது?

பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து விடுகிறோம். வழிகள் சில:

ஒன்று, 'கிராக்' மென்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டிய போட்டோஷாப்பையோ ஒரு விளையாட்டையோ இலவசமாகத் தருவதாக ஒரு யூடியூப் வீடியோ சொல்லும். கீழே ஓர் இணைப்பு இருக்கும். இறக்கும் கோப்பு சுருக்கப்பட்டு, பூட்டப்பட்டிருக்கும். திறக்கும் கடவுச்சொல்லும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது என்பதற்காகவே இந்தப் பூட்டு. 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்து விடுங்கள்' என்றும் சிலர் எழுதியிருப்பார்கள். காவல்காரனை வெளியே அனுப்பச் சொல்பவன் யாராக இருப்பான் என்று யோசித்தாலே போதும்.

இரண்டு, மின்னஞ்சல் இணைப்பு. பில், கூரியர் ரசீது, வேலைக்கான அழைப்பு, வருமான வரி நோட்டீஸ் என்ற பெயரில் வரும். பார்க்க பிடிஎஃப் போலவே இருக்கும். ஆனால் விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்து விடுகிறது. அந்த மறைந்த பகுதி 'இஎக்ஸ்இ' என்றிருந்தால் அது ஆவணம் அல்ல, ஓடக்கூடிய நிரல்.

மூன்று, போலிச் சரிபார்ப்பு. அண்மை ஆண்டுகளில் அதிகம் பரவும் தந்திரம் இதுதான். 'நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்யுங்கள்' என்று ஒரு பக்கம் கேட்கும். நாம் சொடுக்கியதும், 'விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் - வி, பிறகு என்டர்' என்று சொல்லும். நாம் சொடுக்கிய அந்த நொடியிலேயே ஒரு கட்டளை நமக்குத் தெரியாமல் நகலெடுக்கப்பட்டிருக்கும். சொன்னபடி மூன்றையும் அழுத்தினால், திருடனை இறக்கி ஓட வைக்கும் கட்டளையை நம் கையாலேயே கொடுத்தவர்கள் ஆகிறோம். உண்மையான எந்தச் சரிபார்ப்பும் விசைப்பலகையில் இப்படி அழுத்தச் சொல்லாது.

வந்ததும் என்ன செய்கிறது?

குரோம், எட்ஜ் போன்ற உலாவிகள் 'கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா?' என்று கேட்கும். நாமும் சரி என்போம். அந்தக் கடவுச்சொற்கள் பூட்டித்தான் வைக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பூட்டு, விண்டோஸில் நம் பெயரில் நுழைந்தவருக்குத் திறக்கும். நாம் ஓடவிட்ட நிரலும் நம் பெயரிலேயே ஓடுவதால் அதற்கும் திறந்து விடுகிறது. 2024 ஜூலையில் கூகுள் குரோமில் இந்தப் பூட்டைப் பலப்படுத்தியது. சில மாதங்களுக்குள்ளேயே திருடிகளை எழுதுபவர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்.

சேமித்த கடவுச்சொற்கள், கார்டு எண்கள், படிவங்களில் தானாக நிரம்பும் பெயர், முகவரி, தொலைபேசி எண், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆவணங்கள், திரையின் படம் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டித் தன் எஜமானின் சர்வருக்கு அனுப்பும். இதற்குச் சில நிமிடங்களே போதும். பல திருடிகள் வேலை முடிந்ததும் தங்களையே அழித்துக்கொள்ளும். அதனால்தான் மறுநாள் ஆன்டிவைரஸ் போட்டுப் பார்த்தால் 'ஒன்றுமில்லை' என்று வருகிறது.

'எனக்கு ஓடிபி வருமே?'

பலரும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறோம். ஜிமெயிலில் ஒருமுறை கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து நுழைந்துவிட்டால், மறுநாள் திறக்கும்போது மறுபடி கேட்பதில்லை. காரணம், 'இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்' என்று ஒரு சிறு சீட்டு நம் உலாவியில் வைக்கப்பட்டிருக்கிறது. 'குக்கி' என்பது அதன் பெயர். கல்யாண மண்டபத்தில் வாசலில் அழைப்பிதழைப் பார்த்துவிட்டுக் கையில் குத்தும் முத்திரை மாதிரி. தகவல் திருடி அந்தச் சீட்டையே எடுத்துப் போகிறது. அதைத் தன் உலாவியில் வைத்துக்கொண்டு திருடன் நுழைந்தால், கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

வங்கித் தளங்கள் சற்று நேரத்தில் தானாக வெளியேற்றி விடுவதால் அங்கே இது அவ்வளவு சுலபமில்லை. மின்னஞ்சல்தான் பெரிய ஆபத்து. 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று சொன்னால் மற்ற பல கணக்குகளின் சாவியும் மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது?

திருடியது எங்கே போகிறது?

நிரலை எழுதுபவன் ஒருவன், மாதச் சந்தா கட்டி அதைப் பயன்படுத்துபவன் இன்னொருவன், கிடைத்த கடவுச்சொற்களைக் கட்டுக்கட்டாக வாங்குபவன் வேறொருவன். இது ஒரு முழு வியாபாரம். 'லம்மா' என்ற திருடியை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதங்களில், உலகம் முழுவதும் 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. அமெரிக்க நீதிமன்ற உத்தரவின் பேரில் அதன் சுமார் 2,300 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. ஒன்று முடங்கினால் இன்னொன்று முளைக்கிறது. ஆகவே காவல் நம் கையில்தான்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

கணினியில் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். அதற்கு நிர்வாகி அதிகாரம் கொடுக்க வேண்டாம். நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்டு எந்த நிரல் வந்தாலும் பெரியவர்கள் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் கணக்கில் திருடி புகுந்தாலும் அத்தாவின் கணக்கில் உள்ளவற்றை எளிதில் எடுக்க முடியாது. கூடங்குளத்தில் பார்த்த பிரிப்பு இதுதான்.

கிராக் மென்பொருளைத் தவிர்த்து விடுங்கள். தமிழில் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் 'லிப்ரே ஆபிஸ்', படங்களைத் திருத்த 'கிம்ப்' போன்றவை முறையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன.

விண்டோஸ் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை உலாவியில் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்யுங்கள். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை

இங்கே வரிசை முக்கியம்.

முதலில் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் திருடனிடமே போய்ச் சேரும்.

அடுத்து, வேறொரு கணினியிலோ செல்பேசியிலோ மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியை அழுத்துங்கள். களவு போன சீட்டு அப்போதுதான் செல்லாததாகும். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் ஆகியவை உங்களுடையவைதானா என்று பாருங்கள். பிறகு வங்கி, பிறகு சமூக ஊடகங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும் பார்த்து, தெரியாததை நீக்குங்கள்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் தடுக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் சொல்லிக் கார்டை முடக்குங்கள்.

கடைசியாகக் கணினி. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நம்பகமான வழி. செர்ட்-இன் நடத்தும் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் தீநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு வேண்டுகோள்

மருத்துவ உதவிக்கும் கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கும் குடும்பங்கள் ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் நம்பி நம் கையில் கொடுக்கிறார்கள். ஜமாஅத் அலுவலகம், ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ், டியூஷன் சென்டர் என்று பிறருடைய ஆவணங்கள் தங்கும் கணினிகள் நம்மிடையே நிறைய உள்ளன. அவை அமானிதம். அந்தக் கணினியில் விளையாட்டும் கிராக்கும் வேண்டாம். வேலை முடிந்த நகல்களை அன்றன்றே அழித்து விடுவோம். ஏமாந்துவிட்ட பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை அது சொல்லாது. பயப்படாமல் உடனே சொல்லும்படி வீட்டில் பழக்குவோம். 1930 என்ற எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்போம்.