ஆன்லைன் ஏலத்தில் ஓவியம்: நிபுணர் சொல்லும் விலையை நம்பலாமா?

ஜான்-மிஷேல் பாஸ்கியா நியூயார்க் ஓவியர். 1988-ல், 27 வயதில் இறந்துபோனார். 2017-ல் அவருடைய ஓவியம் ஒன்று சதபீஸ் ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. 2022 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ கலை அருங்காட்சியகம், அவர் வரைந்தவை என்று சொல்லி 25 ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. எல்லாம் அட்டைப்பெட்டித் துண்டுகளில் வரைந்தவை. அவற்றில் ஒன்றின் பின்புறம், ‘கூரியர் லேபிளை இங்கே ஒட்டவும்’ என்ற பொருளில் ஃபெடெக்ஸ் நிறுவனம் அச்சிட்டிருந்த வரி இருந்தது. அந்த எழுத்துரு 1994-ல்தான் புழக்கத்துக்கு வந்தது என்று அந்த நிறுவனத்துக்காக வேலை செய்த வடிவமைப்பாளரே பத்திரிகைக்குச் சொன்னார். ஓவியர் இறந்து ஆறு வருடம் கழித்து வந்த எழுத்து.

அந்த ஜூன் மாதமே எஃப்.பி.ஐ. உள்ளே புகுந்து 25 ஓவியங்களையும் எடுத்துக்கொண்டு போனது. மறு வருடம் லாஸ் ஏஞ்சலஸ் ஏலக்காரர் ஒருவர் நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். 2012-ல் அவரும் ஒரு கூட்டாளியும் உட்கார்ந்து வரைந்தவை அவை. ஒரு ஓவியத்துக்கு அதிகபட்சம் அரை மணி நேரம். சிலவற்றுக்கு ஐந்தே நிமிடம். விற்றது ஈபே ஏலத்தில்.

அவருடைய தொழிலே கதைக்குத் தோதாக இருந்தது. வாடகை கட்டாமல் விட்டுப்போன சேமிப்பு அறைகளில் கிடக்கும் சாமான்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்து விற்பவர் அவர். ஒரு தொலைக்காட்சிக் கதாசிரியரின் அறையில் கிடைத்த ஓவியங்கள் இவை என்று சொன்னார். அந்தக் கதாசிரியரோ, பாஸ்கியாவின் ஓவியம் எதையும் தான் வாங்கியதே இல்லை என்று உயிரோடு இருந்தபோதே எஃப்.பி.ஐ.யிடம் சொல்லிவிட்டார். இதைவிட வேடிக்கை, ஒரு அட்டையின் பின்னால் ஏலக்காரரின் பெயருக்கு வந்த தபால் லேபிளே இருந்தது. மேலே பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

போலி வரைகிறவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது நடுவில் நின்றவர்களை. கையெழுத்து நிபுணர் ஒருவர், கையொப்பங்கள் பாஸ்கியாவுடையவை என்று அறிக்கை தந்தார். பேராசிரியர் ஒருவருக்கு 60,000 டாலர் கொடுத்து ஓர் அறிக்கை வாங்கினார்கள். தன் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர் பின்னால் கேட்டுக்கொண்டார். மதிப்பீட்டாளர் போட்ட தொகை சுமார் 10 கோடி டாலர். ஒருவர் அறிக்கையை இன்னொருவர் காட்ட, அதை அருங்காட்சியகம் காட்ட, ஐந்து நிமிட அட்டைக்குப் பரம்பரை வந்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆன்லைன் ஏலத்தில் பணத்தைத் தொலைக்கிறவர்களில் பெரும்பாலோர் இதில்தான் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். விலையை மதிப்பிடுவது ஒரு வேலை. அசலா போலியா என்று தீர்மானிப்பது முற்றிலும் வேறு வேலை. மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பொடி எழுத்து வரை படித்துப் பாருங்கள். ‘இந்த ஓவியம் அசல் என்ற அனுமானத்தின் பேரில் இந்த மதிப்பு’ என்பதுபோல ஒரு வரி அநேகமாக இருக்கும். முதல் பக்கத்தில் இருக்கும் தொகை மட்டும் விளம்பரத்துக்கு வரும். கடைசிப் பக்கம் வராது.

ஒரே ஓவியத்துக்கு மதிப்பும் பல வகை. காப்பீட்டுக்காகப் போடும் தொகை வழக்கமாக அதிகமாக இருக்கும். ஏலத்தில் கிடைக்கக்கூடிய தொகை அதைவிடக் குறைவு. ‘10 லட்சம் ரூபாய் மதிப்புச் சான்றிதழுடன்’ என்று போட்டு 60,000 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார் என்றால், அந்தச் சான்றிதழ் எதற்காக, யார் கேட்டு, யார் காசில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். 10 லட்சம் பெறுகிற சரக்கை யாரும் 60,000-க்குத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

ஏலத் தளங்களில் ‘எங்கள் நிபுணர் சரிபார்த்தது’ என்று போட்டிருப்பதும் அப்படித்தான். பல தளங்களில் அந்த நிபுணர் தளத்தின் ஊழியர் அல்லது தளத்திடம் சம்பளம் வாங்குபவர். தளத்துக்கு வருமானம் விற்பனையிலிருந்து வரும் கமிஷன். அவர் பார்ப்பது பெரும்பாலும் விற்பவர் அனுப்பிய போட்டோக்களை. போட்டோவில் துணியின் நெசவு தெரியாது, பின்பக்கச் சட்டத்தில் ஆணி ஏறிய துளை தெரியாது, வார்னிஷ் வாடை வராது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அசல் என்று கையெழுத்துப் போடும் அளவுக்கு அவர் கையில் ஆதாரம் இல்லை. நம் நாட்டில், ஓவியம் அசலா என்று சொல்லும் நிபுணர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். எம்.எஃப்.ஹுசைனின் ‘கிராம் யாத்ரா’ ஓவியம் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. விலை ஏறும் இடத்துக்குப் போலியும் வந்து சேரும். 2009 ஜனவரியில் எஸ்.எச்.ரஸா, டெல்லி காலரி ஒன்றில் தன்னுடைய ஆரம்பகால ஓவியங்களின் கண்காட்சியைத் திறந்துவைக்கப் போனார். சுவரைப் பார்த்தார். பெரும்பாலானவை தான் வரைந்தவையே அல்ல என்று சொன்னார். ஓவியர் உயிரோடு இருந்ததால் அன்றைக்கே தெரிந்தது. 2011-ல் கொல்கத்தா அரசுக் கலைக் கல்லூரியில் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைத்த 20 ஓவியங்களைப் போலி என்று சொல்ல, தொல்லியல் துறை ஆய்வு தேவைப்பட்டது.

கோடிகளில் புரளாத நமக்கு அருகில் இருப்பது ரவிவர்மா படம். 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வளவுகள் வரை வந்து சேர்ந்தார்கள். வீடுகளை இடித்தபோது படங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. இன்று ஆன்லைனில் ‘நூறு வருடப் பழமை, செட்டிநாட்டு வீட்டுப் படம், ஒரிஜினல்’ என்று விற்பவற்றில் சில அசல். சிலவற்றில் தேக்குச் சட்டம் மட்டும் பழசு, உள்ளே இருப்பது போன வருடப் பிரின்ட். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய ஆஃப்செட் அச்சில் நிறங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அடுக்கிய சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தெரியும். பழைய கல்லச்சில் அந்த ஒழுங்கு இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய மையும், முறையில்லாத மணிமணியான பொரிவும்தான் தெரியும். விற்பவரிடம் முகத்தின் கன்னப்பகுதியை மிக நெருங்கி எடுத்த போட்டோவும், சட்டத்தைக் கழற்றி எடுத்த பின்பக்கப் போட்டோவும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

ஆய்வகச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. ஓவியர் காம்பென்டோங்க் 1914-ல் வரைந்தது என்று விற்கப்பட்ட ஓவியம் ஒன்றில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்த நிறமி அப்போது ஓவியர்கள் கைக்கு வரவில்லை. அதை வைத்துத்தான், போலி ஓவியங்களை விற்றுவந்த ஜெர்மனியின் பெல்ட்ராக்கி தம்பதி அகப்பட்டார்கள், 2011-ல் தண்டனை. மனைவி பழைய கால உடுப்பில் தன் பாட்டிபோல உட்கார்ந்து, பின்சுவரில் போலி ஓவியங்களை மாட்டி, கறுப்புவெள்ளைப் படம் எடுத்து அதையே குடும்ப ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள்! சோதனையால் போலியைப் போலி என்று நிரூபிக்க முடியும். ‘நிறமி சோதனையில் தேறியது’ என்றால் அந்த ஓவியர் வரைந்தார் என்று ஆகிவிடாது. அந்தக் காலத்துப் பொருள்களோடு முரண்படவில்லை, அவ்வளவே.

பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியலில் வார்த்தைக்கு வார்த்தை விலை மாறும். ஓவியர் பெயர் மட்டும் இருந்தால் அவர் வரைந்தது என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘அட்ரிபியூட்டட் டு’ என்றால் அவருடையதாக இருக்கலாம் என்ற கருத்து. ‘சர்க்கிள் ஆஃப்’ என்றால் அவருக்கு நெருக்கமான யாரோ. ‘மேனர் ஆஃப்’ என்றால் அவர் பாணியில் பிற்காலத்தவர் யாரோ. ‘ஆஃப்டர்’ என்றால் நகல், சந்தேகமே வேண்டாம். ‘பேர்ஸ் சிக்னேச்சர்’ என்றிருந்தால் கையொப்பம் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டது வேறு யாரோ என்பது எங்கள் கருத்து என்று அர்த்தம். கிறிஸ்டீஸும் சதபீஸும் தரும் அசல் உத்தரவாதம் ஐந்து வருடத்துக்கு. அதுவும் பல விலக்குகளோடு, முதலில் வாங்கியவருக்கு மட்டும். பிற தளங்களில் அவகாசம் இதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். ஏலம் கேட்கும் முன் நிபந்தனைப் பக்கத்தைப் படிக்காதவர், விலைக்கு மேல் 20 சதவீதமும் அதற்கு அதிகமாகவும் வரும் பையர்ஸ் பிரீமியம் என்ற ஏல நிறுவனக் கட்டணத்தையும் வரியையும் பில்லில்தான் பார்ப்பார்.

நிபுணர் வேடம் போடாமலும் ஏமாற்றலாம். 2000 மே மாதம் ஈபேயில் ஒரு அமெரிக்க வழக்கறிஞர், பழைய சாமான் விற்பனையில் வாங்கியது, பிள்ளை விளையாட்டு வண்டியை இடித்து ஓட்டை போட்டுவிட்டது என்று ஒன்றும் அறியாதவர்போல எழுதி ஒரு ஓவியத்தை ஏலம் விட்டார். மூலையில் ‘ஆர்.டி. 52’ என்ற எழுத்துகள். புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததாக்கும் என்று பார்த்தவர்களே கற்பனை செய்துகொண்டார்கள். 25 சென்டில் தொடங்கிய ஏலம் 1,35,805 டாலருக்குப் போனது. எழுத்துகளை வரைந்தவர் அவரே. வேறு பெயர்களில் அவரும் கூட்டாளிகளும் தங்கள் சரக்கைத் தாங்களே ஏலம் கேட்டு விலையை ஏற்றி வந்ததும் அம்பலமானது. ஏலத்தை ஈபே ரத்து செய்தது; அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வக்கீல் தொழிலையும் இழந்தார்.

இந்தப் பினாமி ஏலத்துக்கு நம் சட்டத்தில் நேரடி மருந்து உண்டு. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64. முன்கூட்டியே அறிவிக்காமல் விற்பவரோ அவர் ஏவிய ஆளோ ஏலம் கேட்டு விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். சொன்ன விவரத்துக்கும் வந்த பொருளுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தில் விற்பவர் போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சரக்கைத் தானே வைத்து விற்கும் நிறுவனம் ‘இது அசல்’ என்று உறுதி சொன்னால், அதற்கான பொறுப்பும் அதனுடையதே. அங்கே வேலைக்காகாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆணையம்: நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இணைய வழியிலும், புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு வருடம்.

ஒரு பொறி இருக்கிறது. மறுவிற்பனைக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் ஆக மாட்டார். ‘இதை வைத்திருந்து நல்ல விலை வந்ததும் தள்ளிவிடலாம் என்றுதான் வாங்கினேன்’ என்று விற்பவருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார். அப்போது மிஞ்சுவது சிவில் வழக்கும், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன் கீழ் மோசடிப் புகாரும்தான். ஏலத் தளமே போலி, பணம் போய்விட்டது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் அன்றே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

வெளிநாட்டுத் தளம் என்றால் நம் ஆணையத்தின் கை எட்டுவது கடினம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு: முழுக்க ஆன்லைனில் நடக்கும் ஏலத்தில் வியாபாரியிடம் வாங்கினால், காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை. தனிநபர் விற்றால் அது பொருந்தாது. விற்பவர் வியாபாரியா தனிநபரா என்பதை ஏலம் கேட்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அசல் கிடைத்துவிட்டாலும் சட்டம் விடாது. நூறு வருடம் தாண்டிய ஓவியமும் சிற்பமும் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்; தொழிலாக விற்க உரிமம் வேண்டும், வைத்திருக்கப் பதிவு வேண்டும். ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், தாகூர், ஜாமினி ராய் உட்பட ஒன்பது ஓவியர்களின் மூல ஓவியங்கள் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரிலிருந்து ஏலம் கேட்கும் மச்சானுக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

வாங்கியாகிவிட்டது, சந்தேகம் வந்துவிட்டது என்றால் ஏலப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; தளம் அதை நீக்கிவிடக்கூடும். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, பில், விற்பவரோடு பேசிய செய்திகள், அந்தச் சான்றிதழ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விற்பனையில் பங்கில்லாத ஒருவரிடம் நேரில் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். சுத்தம் செய்கிறேன் என்று துடைக்க வேண்டாம். போட்ட காசையாவது எடுத்துவிடலாம் என்று, போலி எனத் தெரிந்த பிறகும் அந்தச் சான்றிதழோடு இன்னொரு ஏலத்தில் ஏற்றிவிட்டால், அடுத்த பிரிவு 318 புகாரில் குற்றவாளி நீங்கள்தான்.