மின் திட்டத்தில் பம்பு செட்டின் பங்கு

நடவு நாளன்று நாற்றங்காலுக்கு விதை தேடும் விவசாயி எவரும் இல்லை. நாற்றங்காலில் விதை பல வாரங்கள் முன்பே விதைக்கப்பட்டிருக்கவேண்டும். மின்சாரமும் அப்படித்தான். ஒரு மின் நிலையம் எழப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே பத்தாண்டுக்குப் பின் எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை இன்றே கணக்கிடவேண்டும்.

கணக்குத் தவறினால் என்னவாகும் என்பதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் 2012ஆம் ஆண்டில் கண்டனர். கிராமங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிர் வாடியது. தேவை வளர்ந்த வேகத்தில் உற்பத்தி வளரவில்லை. 2002இல் கட்டத் தொடங்கிய கூடங்குளம் முதல் அணு உலை, 2014ஆம் ஆண்டின் இறுதியில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. வடக்கே மின்சாரம் கிடைத்தாலும் தெற்கே கொண்டுவரப் போதிய மின்பாதை இல்லை.

குறைந்தாலும் நட்டம், மிகுந்தாலும் நட்டம்

தேவைக்கு மேல் ஒப்பந்தம் செய்வதிலும் கேடு உண்டு. அனல் மின் நிலையத்துடன் செய்யும் ஒப்பந்தம் பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கானது. அது நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது போன்றது. பயிர் வைத்தாலும் தரிசாகப் போட்டாலும் குத்தகை கொடுத்தாகவேண்டும். அதுபோல, மின்சாரம் வாங்காத நாளிலும் நிலைக்கட்டணம் உண்டு. அந்தச் சுமை மின்கட்டணத்திலோ அரசு மானியத்திலோதான் வந்து சேரும்.

புதிய விதி

மின் பகிர்மானக் கழகம் எங்கே, எவ்வளவு, என்ன விலைக்கு மின்சாரம் வாங்குகிறது என்பதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அளித்துள்ளது. 2022 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும், 2023 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளும் இதற்கு வலுவூட்டின. இவற்றின்படி பகிர்மானக் கழகம் பத்தாண்டுத் திட்டத்தைத் தயாரித்து, ஆண்டுதோறும் திருத்தி, ஆணையத்தின் ஒப்புதல் பெறவேண்டும். முதலாண்டின் தேவை முழுவதற்கும், இரண்டாம் ஆண்டின் தேவையில் 90 சதவீதத்துக்கும் ஏற்பாடு செய்திருப்பதைக் காட்டவேண்டும்.

கணக்கில் உள்ள ஓட்டை

விதி நன்று. ஆனால் விதை நெல்லில் பதர் கலந்தால் விளைச்சல் எப்படி வரும்? தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்பு செட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. மானியம் குதிரைத்திறன் கணக்கில் நிர்ணயிக்கப்படுகிறது. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், உண்மையில் ஓடிய மின்சாரம் மதிப்பீடாகவே எழுதப்படுகிறது. மதிப்பீடு தவறினால் பத்தாண்டுத் திட்டமும் தவறும்.

இதற்குத் தீர்வு விவசாயியிடம் கட்டணம் கேட்பது அன்று. விவசாய மின்பாதைகளிலும் டிரான்ஸ்பார்மர்களிலும் மீட்டர் வைத்து அளந்தாலே போதும். சென்ற ஆண்டு போட்ட மதிப்பீட்டையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்து ஆணையம் ஒப்பிடவேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் வெளியாகவேண்டும்.

நேரமும் முக்கியம். காற்றாலை மின்சாரம் மே முதல் செப்டம்பர் வரைதான் பெருகும். சூரிய மின்சாரம் பகலில் மட்டுமே கிடைக்கும். மும்முனை மின்சாரத்தைப் பகலில் தரும்படி திட்டமிட்டால், மாலை நேர உச்சத் தேவைக்காகப் புதிய ஒப்பந்தம் போடும் அளவு குறையும். இரவில் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கும் தொல்லையும் விவசாயிக்கு நீங்கும்.

விவசாயிகள் செய்யவேண்டியவை

1. பதிவு செய்த குதிரைத்திறனுக்கு மேல் மோட்டார் பொருத்தக்கூடாது. ஐந்து என்று எழுதிவிட்டு ஏழரை ஓட்டினால் கணக்கும் கெடும், டிரான்ஸ்பார்மரும் எரியும்.

2. மின்வெட்டு, குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றை நாள், நேரத்துடன் ஒரு நோட்டில் குறித்து வைக்கவேண்டும்.

3. கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் பரிசீலிக்கவேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு வரும்போது விவசாயச் சங்கங்கள் அந்த நோட்டை ஆதாரமாக வைத்து மனு எழுதலாம்.

4. ஆணையத்தின் மாநில ஆலோசனைக் குழுவில் வேளாண்மைக்கும் பிரதிநிதித்துவம் தரவேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. அங்கே விவசாயியின் குறை பேசப்படுகிறதா என்பதைச் சங்கங்கள் கேட்டறிய வேண்டும்.

வாய்க்கால் முறை பேசும் கூட்டத்துக்குப் போகாதவரின் வயலுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். மின்சாரத்துக்கும் அதுவே பொருந்தும்.